கேம்பிங் ட்ரெய்லரில் கரண்ட் பிரச்சினையா? பெடஸ்டலில் தொடங்கி பேட்டரி வரை தேடும் முறை

டிராவல் ட்ரெய்லரில் கரண்ட் போனதும் முதல் சந்தேகம் விலை கூடிய பொருள்களின் மேல்தான் விழும். கன்வெர்ட்டர் போய்விட்டது, பேட்டரி செத்துவிட்டது, ஏசி எரிந்துவிட்டது என்று முடிவு கட்டி, ஒன்றுக்கு இரண்டாகப் பொருளை மாற்றிய பிறகும் விளக்கு எரியாமல் நிற்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் கோளாறு பெரும்பாலும் இணைப்புகளில்தான் இருக்கிறது. கருகிய பிளக், தளர்ந்த திருகு, துருப்பிடித்த எர்த் வயர், யாரோ அணைத்துவிட்டுப் போன ஒரு சுவிட்ச். ஒரு சாதாரண மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இவற்றில் பெரும்பகுதியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவிலும் கனடாவிலும் காருக்கோ டிரக்குக்கோ பின்னால் கட்டி இழுக்கும் ட்ரெய்லர்களுக்குப் பொருந்தும். தேடும் முறை ஒன்றுதான். கரண்ட் எங்கிருந்து வருகிறதோ அங்கே தொடங்கி, உள்நோக்கி ஒவ்வொரு இடமாக அளந்துகொண்டே வாருங்கள். கரண்ட் இருக்கும் கடைசி இடத்துக்கும் இல்லாத முதல் இடத்துக்கும் நடுவில் கோளாறு உட்கார்ந்திருக்கும். நடுவில் எங்கும் தாவாதீர்கள்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: உள்ளே இருப்பது இரண்டு மின்சாரம்

ஒன்று 120 வோல்ட். கேம்ப்கிரவுண்ட் பெடஸ்டலிலிருந்தோ (ட்ரெய்லர் நிறுத்தும் இடத்தில் நட்டிருக்கும் கரண்ட் கம்பம்) ஜெனரேட்டரிலிருந்தோ தடித்த கேபிள் வழியாக வருவது. ஏசி, மைக்ரோவேவ், சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட்கள், வாட்டர் ஹீட்டரின் மின்சார ராடு எல்லாம் இதில் ஓடும்.

இன்னொன்று 12 வோல்ட். ட்ரெய்லரின் முன்பக்க நாக்கில் (வண்டியோடு மாட்டும் முன்சட்டம்) இருக்கும் பேட்டரியிலிருந்து வருவது. கூரை விளக்குகள், தண்ணீர் பம்ப், அறையைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்றாடி, கேஸ் கசிவு அலாரம், அறையின் ஒரு பகுதியை வெளியே நீட்டும் ஸ்லைட்-அவுட்டின் மோட்டார் இவையெல்லாம் இதை நம்பி இருக்கின்றன. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜும் வாட்டர் ஹீட்டரும்கூட 12 வோல்ட் இல்லாவிட்டால் பற்றிக்கொள்ளாது. அவற்றின் கன்ட்ரோல் போர்டு 12 வோல்ட்டில்தான் இயங்குகிறது. "சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கிறது, ஃபிரிட்ஜ் ஏன் ஓடவில்லை?" என்று கேட்பவர்கள் முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் கன்வெர்ட்டர் இருக்கிறது. 120 வோல்ட்டை வாங்கி 12 வோல்ட்டாக்கி விளக்குகளுக்குக் கொடுத்து, பேட்டரியையும் சார்ஜ் செய்வது அதன் வேலை. ஊரில் வீட்டு இன்வெர்ட்டரைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்தப் பெட்டி பேட்டரியைச் சார்ஜும் செய்யும், கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து ஃபேனையும் ஓட்டும். ட்ரெய்லர் கன்வெர்ட்டர் ஒரு திசையில் மட்டும்தான் வேலை செய்யும். தனியாக இன்வெர்ட்டர் வைக்காத ட்ரெய்லரில் பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தாலும் மைக்ரோவேவ் ஓடாது. அது கோளாறு இல்லை.

230 வோல்ட்டில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் தேவை. 1500 வாட் ஹீட்டர் ஊரில் 6.5 ஆம்ப் இழுக்கும், இங்கே 12.5 ஆம்ப். அதே வேலைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆம்ப் போவதால், இங்கே பிளக்கும் கேபிளும் சூடாவது மிகச் சாதாரணம். 30 ஆம்ப் என்பது கேட்கத்தான் பெரிது.

கையில் வைத்திருக்க வேண்டியவை, கை வைக்கக் கூடாதவை

மல்டிமீட்டர் ஒன்று. பிளக் பாயிண்ட்டில் செருகினால் மூன்று விளக்கு காட்டும் சிறிய டெஸ்டர் ஒன்று. வயரைத் தொடாமலே கரண்ட் இருப்பதைக் காட்டும் பேனா டெஸ்டர் ஒன்று. பல அளவு பிளேடு ஃபியூஸ்கள், கம்பி பிரஷ், ஸ்பேனர், டார்ச். இவ்வளவு போதும்.

மீட்டரில் இரண்டு வோல்ட் நிலை இருக்கும். அலைக்கோடு போட்டது 120 வோல்ட் பக்கத்துக்கு. நேர்க்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் போட்டது பேட்டரி பக்கத்துக்கு. மாற்றி வைத்து அளந்துவிட்டு "கரண்டே இல்லை" என்று நம்பி 120 வோல்ட் வயரில் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு தடவையும் மீட்டரை முதலில் கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

பேனலின் மூடியைக் கழற்றுவதாக இருந்தால், பெடஸ்டல் பிரேக்கரை அணைத்து, கேபிளையே பிடுங்கி வைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் எடுத்துவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான், ஆனால் ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்ப் பாய்ந்து இரும்பையே உருக்கும். மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இனி, ட்ரெய்லரின் கதவுக் கைப்பிடியையோ படியையோ தொடும்போது ஜிவ்வென்று லேசாக அடித்தால், எல்லாத் தேடலையும் நிறுத்துங்கள். குழந்தைகளை விலக்கிவிட்டு, ட்ரெய்லரைத் தொடாமல் போய் பெடஸ்டல் பிரேக்கரை அணையுங்கள். எர்த் எங்கோ அறுந்திருக்கிறது, உள்ளே ஏதோ ஒரு பொருள் கசிகிறது, அதனால் ட்ரெய்லரின் உடம்பே கரண்ட்டில் இருக்கிறது என்று அர்த்தம். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது லேசான அடியாக இருக்காது. பேனா டெஸ்டரை ட்ரெய்லரின் உலோகத்துக்கு அருகில் கொண்டுபோனால் கத்திக் காட்டிக்கொடுக்கும். கேபிளைச் செருகியதும் இதைச் செய்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 5 வினாடி வேலை.

படி 1: அறிகுறியைப் படியுங்கள்

மீட்டரை எடுக்கும் முன்பே பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். உள்ளே போய் நான்கைப் பாருங்கள்: ஒரு கூரை விளக்கு, தண்ணீர் பம்ப், மைக்ரோவேவ் கடிகாரம், ஒரு பிளக் பாயிண்ட்.

மைக்ரோவேவும் பிளக் பாயிண்ட்டும் செத்திருக்கின்றன, விளக்கு எரிகிறது என்றால் வெளியிலிருந்து 120 வோல்ட் வரவில்லை. விளக்கு பேட்டரியில் எரிகிறது. படி 2-க்குப் போங்கள்.

மைக்ரோவேவ் ஓடுகிறது, ஆனால் ஒரு விளக்கும் எரியவில்லை, பம்பும் ஓடவில்லை என்றால் 12 வோல்ட் பக்கம் முழுவதும் செத்திருக்கிறது. நேராகப் படி 5.

கேபிள் செருகியிருக்கும் வரை எல்லாம் நன்றாக இருக்கிறது, பிடுங்கியவுடன் விளக்கு சட்டென்று அணைகிறது என்றால் கன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருக்கிறது. பேட்டரியோ அதற்குப் போகும் பாதையோ கெட்டிருக்கிறது. இதற்கு நேர் எதிரானது: கேபிள் செருகியே இருக்கிறது, முதல் நாள் எல்லாம் ஓடியது, இரண்டாம் நாள் இரவு விளக்கு மங்கத் தொடங்கியது. கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. இவ்வளவு நேரமும் பேட்டரிதான் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பேட்டரிக்குப் பதில் கன்வெர்ட்டரையும், கன்வெர்ட்டருக்குப் பதில் பேட்டரியையும் மாற்றுவது மிகச் சகஜம்.

சில பிளக் பாயிண்ட் மட்டும் செத்திருந்தால் படி 4. ஒரே ஒரு பொருள் மட்டும் ஓடவில்லை என்றால் அதன் பிரேக்கர் அல்லது ஃபியூஸ். அதுவும் நன்றாக இருந்தால் அந்தப் பொருளே.

படி 2: பெடஸ்டலும் கேபிளும்

சிறிய, நடுத்தர ட்ரெய்லர்களில் வருவது 30 ஆம்ப் பிளக். மூன்று முனை, 120 வோல்ட், மொத்தம் 3600 வாட். பெரியவற்றில் 50 ஆம்ப், நான்கு முனை. இரண்டு 120 வோல்ட் லைன்கள் தனித்தனியே 50 ஆம்ப் தருவதால் மொத்தம் 12,000 வாட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 20 ஆம்ப் இல்லை, மூன்று மடங்குக்கும் மேல்.

முதலில் பெடஸ்டல் பிரேக்கர் உண்மையிலேயே போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விழுந்த பிரேக்கர் பல நேரம் நடுவில் நிற்கும். பார்த்தால் போட்டது போலவே தெரியும். முழுவதும் அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். ட்ரெய்லருக்குள் இருக்கும் பிரேக்கர்களுக்கும் இதே கதைதான்.

மோசமான கரண்ட்டை ட்ரெய்லருக்குள் விடாமல் தடுக்கும் பாதுகாப்புப் பெட்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ப்ரோக்ரசிவ் இண்டஸ்ட்ரீஸ் போன்றவற்றின் பெட்டிகள் கரண்ட்டைச் சோதித்து, ஏசி கம்ப்ரஸரைக் காப்பாற்றுவதற்காக 2 நிமிடத்துக்கும் சற்று மேல் காக்க வைத்துத்தான் உள்ளே விடும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். செருகியவுடன் எதுவும் ஓடவில்லை என்று அவசரப்பட வேண்டாம். பெட்டியின் திரையில் எண் ஏதாவது வருகிறதா பாருங்கள். இந்தக் கம்பெனியின் பெட்டியில் இ-2 என்றால் எர்த் இல்லை, இ-4 என்றால் வோல்ட் குறைவு. 104 வோல்ட்டுக்குக் கீழும் 132-க்கு மேலும் போனால் பெட்டி தானே துண்டித்துவிடும். அப்போது குற்றவாளி பெட்டி இல்லை, கேம்ப்கிரவுண்ட். பெட்டியைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகும் யோசனை வேண்டவே வேண்டாம்.

இனி அளவு. பிரேக்கரைப் போட்டு, பெடஸ்டல் சாக்கெட்டில் மீட்டர் முனைகளைக் கவனமாக வையுங்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட் சுற்று வட்டாரத்தில், 114 முதல் 126 வரை இருக்கலாம். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 0. ஒன்றிரண்டு வோல்ட் பரவாயில்லை. 50 ஆம்ப் என்றால் இரண்டு லைன்களுக்கும் நடுவே 240. இதில் எது தவறினாலும் பெடஸ்டலைத் திறக்காதீர்கள். அலுவலகத்தில் சொல்லி வேறு இடம் கேளுங்கள். குறிப்பாக 50 ஆம்ப் சாக்கெட்டில் நியூட்ரல் தளர்ந்திருந்தால், ஒரு லைனில் வோல்ட் விழுந்து இன்னொன்றில் கண்டபடி ஏறி, சில வினாடிகளில் மைக்ரோவேவையும் கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கொளுத்திவிடும்.

வீட்டில் ட்ரெய்லருக்கென்று 30 ஆம்ப் சாக்கெட் போட்டவர்களுக்கு ஒரு கடுமையான எச்சரிக்கை. டிடி-30 என்ற இந்தச் சாக்கெட் 120 வோல்ட்டுக்கானது. ஆனால் பார்ப்பதற்குப் பழைய துணி உலர்த்தும் மெஷினின் 240 வோல்ட் சாக்கெட் மாதிரியே இருக்கும். அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன்கள்கூட 30 ஆம்ப் என்றதும் பழக்கத்தில் 240 வோல்ட் கொடுத்துவிடுகிறார்கள். இது அரிதாக நடக்கும் விஷயம் இல்லை. புதுச் சாக்கெட்டில் ட்ரெய்லரைச் செருகும் முன் நீங்களே அளந்து 120 என்று கண்ணால் பாருங்கள். எத்தனை வருட அனுபவசாலி போட்டிருந்தாலும் சரி.

பெடஸ்டல் நன்றாக இருந்தால் கேபிள். பிரேக்கரை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கி, தகடுகளைப் பாருங்கள். பழுப்பு நிறம், குழி, உருகிய பிளாஸ்டிக் இருந்தால் அது சரியாகத் தொடாமல் சூடாகிக்கொண்டிருந்தது என்று பொருள். லேசான கறையைத் தேய்த்து எடுக்கலாம். உருகியதை மாற்றித்தான் ஆக வேண்டும். கேபிளின் மறுமுனை ட்ரெய்லர் சுவரில் செருகித் திருகும் வகையாக இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். பலர் பெடஸ்டல் முனையை மட்டும் பார்த்துவிட்டு இதை மறந்துவிடுவார்கள். செருகி, திருகி, வளையத்தையும் இறுக்காவிட்டால் பயணத்துக்குப் பயணம் அது தளர்ந்து கருகும்.

ஏசி அரைமணி நேரம் ஓடிய பிறகு பிளக்கின் ரப்பர் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே சுமையைக் குறையுங்கள். ஏசி நின்றிருக்கும்போது உள்ளே ஒரு பிளக் பாயிண்ட்டில் 120 காட்டி, ஓடும்போது 108-க்கு விழுந்தால், வழியில் ஏதோ ஓர் இணைப்பு மோசம் அல்லது எக்ஸ்டென்ஷன் கேபிள் மெல்லியது. 30 ஆம்புக்கு 10 கேஜ் கேபிள் வேண்டும். தோட்டத்துப் புல்வெட்டிக்கு வாங்கிய ஆரஞ்சுக் கேபிள் இதற்கு ஆகாது.

ஜூலை, ஆகஸ்ட் மதியத்தில், எல்லோரும் ஒரே நேரத்தில் ஏசி போடும் பழைய கேம்ப்கிரவுண்டில், உங்கள் பக்கம் ஒரு தவறும் இல்லாமலே வோல்ட் விழும். கம்ப்ரஸர் குறைந்த வோல்ட்டில் அதிக ஆம்ப் இழுத்துச் சூடாகிச் சாகும். அந்த இரண்டு மூன்று மணி நேரம் ஏசியை நிறுத்திவைப்பது புதுக் கம்ப்ரஸர் வாங்குவதைவிட மலிவு.

படி 3: பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தால் கணக்குப் போடுங்கள்

30 ஆம்ப் ட்ரெய்லரில் ஏசி ஓடும்போது 12 முதல் 15 ஆம்ப். வாட்டர் ஹீட்டரின் மின்சார ராடு 12. மைக்ரோவேவ் 10 முதல் 13. காபி மேக்கர் 8 சொச்சம். ஃபிரிட்ஜ் கரண்ட்டில் ஓடினால் சுமார் 3. காலியான பேட்டரியைச் சார்ஜ் செய்யும் 55 ஆம்ப் கன்வெர்ட்டர் தன் பங்குக்கு 8 ஆம்ப் வரை இழுக்கும்.

ஏசியும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்தாலே 25-ஐத் தொட்டுவிட்டது. மேலே மைக்ரோவேவைப் போட்டால் மெயின் பிரேக்கர் விழத்தான் வேண்டும். இதில் ஒளிந்திருப்பது வாட்டர் ஹீட்டர். காலையில் குளிக்கப் போட்ட சுவிட்ச்சை அணைக்க மறந்துவிடுவோம். சில ட்ரெய்லர்களில் வெளிச்சுவரில் இருக்கும் ஹீட்டர் மூடிக்குள்ளும் இன்னொரு சுவிட்ச் இருக்கும். "நேற்று ஓடியது, இன்று விழுகிறது" என்றால் முதலில் அதைப் பாருங்கள். கேஸில் தண்ணீர் சூடாக்கிக்கொண்டு 12 ஆம்பை மிச்சப்படுத்தலாம்.

சுமையே இல்லாமல் பிரேக்கர் விழுந்தால் கணக்கு வேறு. எல்லாக் கிளை பிரேக்கர்களையும் அணைத்துவிட்டு மெயினை மட்டும் போடுங்கள். நின்றால் ஒவ்வொரு கிளையாகப் போட்டு வாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்தக் கிளையில் கோளாறு. அதில் செருகியிருப்பவற்றையெல்லாம் பிடுங்கிய பிறகும் விழுந்தால் வயரிலேயே பிரச்சினை. ஸ்லைட்-அவுட் உள்ளே வெளியே போகும்போது நசுங்கும் கேபிள் நல்ல சந்தேக இடம். எதுவும் இல்லாமல் மெயினே விழுந்துகொண்டிருந்தால் பிரேக்கர் கிழடாகியிருக்கலாம். பல வருடம் சூட்டில் வாடிய பிரேக்கர் தன் அளவுக்கு முன்பே விழும். அதே அளவில் மாற்றுங்கள். 30-க்குப் பதில் பெரிதாகப் போட்டால் எரியப்போவது வயர்.

படி 4: சில பிளக் பாயிண்ட் மட்டும் செத்திருந்தால்

பாத்ரூமிலோ சமையலறையிலோ நடுவில் இரண்டு பட்டன் வைத்த, கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பாயிண்ட் ஒன்று இருக்கும். அது விழுந்தால் அதன் பின்னால் தொடுத்திருக்கும் பாயிண்ட்கள் எல்லாம் சேர்ந்து போகும். படுக்கை அருகே பாயிண்ட் வேலை செய்யாததற்குக் காரணம் பாத்ரூமில் இருக்கலாம். ரீசெட் பட்டனை அழுத்துங்கள். நிற்காவிட்டால் வெளிச்சுவரில் இருக்கும் பாயிண்ட்டின் மூடியைத் திறந்து பாருங்கள். மழைத்தண்ணீர் அங்கே புகுந்திருப்பதுதான் வழக்கமான காரணம், காய்ந்ததும் சரியாகிவிடும். ஜிஎஃப்சிஐக்குள் 120 வோல்ட் வராவிட்டால் பட்டன் நிற்கவே நிற்காது என்பதையும் மறக்காதீர்கள்.

ஜிஎஃப்சிஐ நன்றாக இருந்து ஒரே பாயிண்ட் செத்திருந்தால், கரண்ட்டைத் துண்டித்துவிட்டு அதைக் கழற்றிப் பாருங்கள். ட்ரெய்லர்களில் பெரும்பாலும் வீட்டு வகைப் பாயிண்ட் இருக்காது. வயரை அழுத்திக் குத்திப் பிடிக்கும், பெட்டியும் சேர்ந்த பிளாஸ்டிக் வகை இருக்கும். நெடுஞ்சாலை அதிர்வில் அந்தப் பிடி தளரும், பிறகு கருகும். 1500 வாட் ஹீட்டரை இரவு முழுவதும் அதில் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வீட்டு காரேஜில் அடாப்டர் போட்டுச் செருகியவுடன் அங்குள்ள ஜிஎஃப்சிஐ விழுகிறது என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. ட்ரெய்லருக்குள் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றையொன்று தொடவே கூடாது; எங்காவது தொட்டால் இப்படி விழும். தண்ணீர் இல்லாமல் ஓட்டி எரிந்துபோன வாட்டர் ஹீட்டர் ராடும் இதைச் செய்யும். ட்ரெய்லரின் கிளை பிரேக்கர்களை அணைத்து ஒவ்வொன்றாகப் போட்டால் பெரும்பாலும் ஆள் சிக்கிவிடும். எல்லாம் அணைந்திருந்தும் விழுந்தால், நியூட்ரலும் எர்த்தும் தொடும் இடத்தைத் தேட வேண்டும். பிரேக்கர் நியூட்ரலைத் துண்டிப்பதில்லை.

படி 5: 12 வோல்ட் பக்கம்

இங்கேதான் அதிகக் கோளாறு, இங்கேதான் அதிகமான வீண் செலவும்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். கேபிளைப் பிடுங்கி, விளக்குகளை அணைத்து, சில மணி நேரம் சும்மா விட்ட பிறகு அளக்க வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரியில் 12.6 அல்லது 12.7 இருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம், உடனே சார்ஜ் தேவை. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். மூடி திறக்கும் வகை என்றால் தண்ணீர் அளவைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். லித்தியம் என்றால் இந்த எண்கள் பொருந்தாது, 13.2 முதல் 13.4 வரை நெடுநேரம் அசையாமல் நின்றுவிட்டுக் கடைசியில் திடீரென்று விழும்.

அப்புறம் சுமையோடு அளவு. ஃபர்னஸ் காற்றாடியையும் விளக்குகளையும் போட்டுவிட்டு மீட்டரைப் பாருங்கள். 12.6-லிருந்து 12.3-க்கு இறங்கினால் சரி. சில நிமிடங்களில் 11-க்கு ஓடினால் பேட்டரி முடிந்தது. சுமை இல்லாத அளவை மட்டும் நம்பக் கூடாது. தெருக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது குடத்தை வைத்தால்தான் தெரியும்.

பேட்டரி நன்றாக இருக்கிறது, உள்ளே 12 வோல்ட் இல்லை. இப்போது பாதையைப் பின்தொடருங்கள். முதலில் துண்டிப்பு சுவிட்ச். கதவருகேயோ, முன்பக்கச் சாமான் அறையிலோ, பேட்டரிப் பெட்டியிலோ இருக்கும். ஸ்டோரேஜில் விட்டுவிட்டுப் போனவர்கள் அதை அணைத்தே வைத்திருப்பார்கள்.

அடுத்து பேட்டரிக்கு அருகில், சட்டத்தில் திருகியிருக்கும் சிறிய உலோக பிரேக்கர். இரண்டு போல்ட் இருக்கும், ஒன்று பேட்டரி பக்கம், இன்னொன்று ட்ரெய்லர் பக்கம். கறுப்பு மீட்டர் முனையைப் பேட்டரி நெகட்டிவ்வில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் இரண்டு போல்ட்டையும் தொடுங்கள். ஒன்றில் 12.6, இன்னொன்றில் 0 என்றால் ஆள் அகப்பட்டான். சில டாலருக்குக் கிடைக்கும் பொருள். மழையிலும் உப்புப் போட்ட குளிர்காலச் சாலையிலும் வெளியே கிடப்பதால் துருப்பிடித்துச் சாகும்.

நெகட்டிவ் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பேட்டரி நெகட்டிவ்விலிருந்து ஒரு வயர் ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்துக்குப் போகும். அந்தத் திருகு துருப்பிடித்தால் விளக்கு மங்கும், பம்ப் திணறும், ஸ்லைட்-அவுட் பாதியில் நிற்கும். விளக்கும் காற்றாடியும் ஓடும்போது பேட்டரி நெகட்டிவ்வுக்கும் சட்டத்துக்கும் நடுவே அளங்கள். ஏறக்குறைய 0 வர வேண்டும். அரை வோல்ட் வந்தால் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். விசித்திரமாக நடந்துகொள்ளும் ட்ரெய்லர்களில் நான் முதலில் தேடுவது இந்தத் திருகைத்தான்.

இனி கன்வெர்ட்டர். கேபிள் செருகாமல் பேட்டரியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். செருகிய பிறகு மறுபடி அளங்கள். 13.2 முதல் 14.4-க்குள் ஏறினால் கன்வெர்ட்டர் சார்ஜ் செய்கிறது, அதை விட்டுவிடலாம். டபிள்யூஎஃப்கோ, ப்ரோக்ரசிவ் டைனமிக்ஸ் ஆகிய இரண்டு கம்பெனிகளின் கன்வெர்ட்டர்களிலும் மிதமான சார்ஜ் 13.6, வேகமான சார்ஜ் 14.4, நிறைந்த பிறகு 13.2. ஏறவே இல்லையென்றால் கன்வெர்ட்டரின் வெளியீட்டு முனைகளிலேயே அளங்கள். அங்கே 13.6 இருந்து பேட்டரியில் இல்லை என்றால் கோளாறு நடுவழியில்; மேலே சொன்ன சுவிட்ச்சும் சிறு பிரேக்கரும். அங்கேயும் இல்லை என்றால் கன்வெர்ட்டருக்கான 120 வோல்ட் பிரேக்கரைப் பாருங்கள். 120 உள்ளே போயும் வெளியே ஒன்றும் வராவிட்டால்தான் கன்வெர்ட்டர் போய்விட்டது என்று சொல்லலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு சோதனை பாக்கி. ஃபியூஸ் பேனலில் மற்றவற்றிலிருந்து சற்று ஒதுங்கி, பெரிய ஃபியூஸ் ஒன்றோ இரண்டோ இருக்கும். பேட்டரி வயரைத் தலைகீழாக மாட்டினால் எரிந்து கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக வைத்தவை. ஒரு நொடி மாற்றித் தொட்டிருந்தால் போதும், எரிந்திருக்கும். இதில் ஏமாறுவதற்குக் காரணமும் உண்டு. காரில் கறுப்பு வயர் நெகட்டிவ். ஆனால் பல ட்ரெய்லர்களில் பேட்டரிக்கு வரும் கறுப்பு வயர் பாசிட்டிவ், வெள்ளை வயர் நெகட்டிவ். கார்ப் பழக்கத்தில் புதுப் பேட்டரியை மாட்டிவிட்டு, "பேட்டரி மாற்றியதிலிருந்து சார்ஜே ஆகவில்லை" என்பவர்களிடம் இந்த ஃபியூஸைப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். பழைய பேட்டரியைக் கழற்றும் முன் வயர்களில் டேப் ஒட்டிக் குறியுங்கள், நிறத்தை நம்பாதீர்கள்.

ஃபியூஸ்களைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். பேனலில் இருக்கும்போதே இரண்டிலும் மீட்டரை வைத்தால் இரண்டிலும் 12 வர வேண்டும். ஒன்றில் மட்டும் வந்தால் எரிந்தது. மாற்றியதும் மறுபடி எரிந்தால் அந்த வயரில் ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டு அடக்கப் பார்ப்பது தீ வைப்பதற்குச் சமம்.

லித்தியத்துக்கு மாறியவர்களுக்கு மட்டும் சில வார்த்தை. பேட்டரி மிகவும் இறங்கினால் அதற்குள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். மீட்டரில் 0 அல்லது சில வோல்ட் காட்டும். பேட்டரி சாகவில்லை, தூங்குகிறது. லித்தியத்துக்கான சார்ஜர் பெரும்பாலும் எழுப்பிவிடும். பழைய கன்வெர்ட்டர் சிலது எழுப்பாது. உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், குளிர்காலக் காலையில் சார்ஜ் ஏறாமல் இருந்தால் காவல் சர்க்யூட் தன் வேலையைச் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பேட்டரி தானாகக் காலியானால்

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் கேஸ் அலாரம், ரேடியோவின் நினைவகம், ஃபிரிட்ஜ் போர்டு இவையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அரை ஆம்ப் என்று வையுங்கள். ஒரு நாளுக்கு 12 ஆம்ப்-மணி. 100 ஆம்ப்-மணி லெட்-ஆசிட்டில் பயன்படுத்தத் தகுந்த பாதி 4 நாளில் போய்விடும். ஸ்டோரேஜில் ஒரு மாதம் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. துண்டிப்பு சுவிட்ச் சிலவற்றைத் துண்டிப்பதில்லை. நீண்ட நாள் விடுவதாக இருந்தால் நெகட்டிவ் வயரையே கழற்றுங்கள்.

எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க, நெகட்டிவ் வயரைக் கழற்றி, ஆம்ப் நிலையில் வைத்த மீட்டரை நடுவில் சேருங்கள். பெரும்பாலான மீட்டர்கள் 10 ஆம்ப் வரைதான் தாங்கும். அப்போது ஸ்லைட்-அவுட்டையோ ஜாக்கையோ யாரும் தொடக் கூடாது. எண்ணைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ, திருடன் அங்கே. ட்ரெய்லர் கழன்றால் பிரேக் பிடிப்பதற்காக நாக்கில் மெல்லிய கம்பியோடு ஒரு பின் இருக்கும்; அது பிடுங்கப்பட்டிருந்தால் பிரேக் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்து பேட்டரியைத் தீர்த்துவிடும்.

கோளாறே இல்லாமல் தீர்வதும் உண்டு. ஃபர்னஸ் காற்றாடி ஓடும்போது 7, 8 ஆம்ப் இழுக்கும். குளிர் இரவில் பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினாலே 35 முதல் 40 ஆம்ப்-மணி. யோசெமிட்டி தேசியப் பூங்காவின் கேம்ப்கிரவுண்ட்களில் கரண்ட் இணைப்பு கிடையாது. யெல்லோஸ்டோனுக்குள் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றில்தான் உண்டு. ஒற்றைப் பேட்டரியோடு அங்கே போய் விடிகாலையில் ஃபர்னஸ் நின்றுபோனால் தேவைப்படுவது இரண்டாவது பேட்டரி, பழுதுபார்ப்பு இல்லை. இழுத்துச் செல்லும் காரின் ஏழு முனை இணைப்பு வழியில் சார்ஜ் செய்துவிடும் என்றும் நம்பாதீர்கள். வயர் மெல்லியது, தூரம் அதிகம், கொஞ்சம்தான் ஏறும். சில வண்டிகளில் அதற்கான ஃபியூஸே போட்டிருக்காது.

ஜெனரேட்டரில் மட்டும் தகராறு

கையில் தூக்கும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரில் ட்ரெய்லரைச் செருகினால் பாதுகாப்புப் பெட்டி "எர்த் இல்லை" என்று மறுக்கும். இந்த ஜெனரேட்டர்களில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்படாமல் இருப்பதுதான் காரணம். இரண்டையும் இணைக்கும் சிறிய பிளக் கடையில் கிடைக்கும்; ஜெனரேட்டரின் காலியான சாக்கெட்டில் மட்டும் அதைச் செருக வேண்டும். ட்ரெய்லருக்குள் ஒருபோதும் இணைக்காதீர்கள்.

மலையேறினால் ஜெனரேட்டருக்கும் மூச்சு வாங்கும். 300 மீட்டருக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி குறையும். 2200 வாட் என்று எழுதியிருப்பது உச்ச அளவு. தொடர்ந்து தருவது 1800. 2400 மீட்டர் உயரத்தில் அதிலும் கால்வாசி போய்விட்டால் ஏசி கிளம்பாது. புகை ட்ரெய்லருக்குள் வராத திசையில், ஜன்னல்களிலிருந்து தள்ளி வையுங்கள்; கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பட்டனை அழுத்திப் பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

ட்ரெய்லரின் உடம்பில் கரண்ட் அடித்தால், சுவருக்குள்ளிருந்து கருகிய வாசனை வந்தால், பேனலுக்குள் வயர் உருகியிருந்தால், அளவுகள் ஒவ்வொரு தடவையும் மாறிக்கொண்டே இருந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். கூப்பிடும்போது "கரண்ட் இல்லை" என்று மட்டும் சொல்லாமல், எங்கெங்கே எவ்வளவு அளந்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்: பெடஸ்டலில் எவ்வளவு, உள்ளே பிளக் பாயிண்ட்டில் எவ்வளவு, கேபிள் செருகும் முன்னும் பின்னும் பேட்டரியில் எவ்வளவு, கன்வெர்ட்டர் முனையில் எவ்வளவு. நல்ல டெக்னீஷியன் அந்த எண்களைப் பார்த்ததும் எங்கே கை வைப்பது என்று தெரிந்துகொள்வார். எண்களைக் கேட்கக்கூட விரும்பாமல் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும் என்று சொல்பவராக இருந்தால், வேறொருவரிடம் கேளுங்கள்.